ஐந்தாம் தொட்டி

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் எனக்குப் பிடித்தது ஐந்தாம் தொட்டிதான். வேளாவேளைக்கு மாவு கரைத்து ஊற்றினால் அதிலிருந்த தலைப்பிரட்டைகள் தலைகீழாகத் தொங்கியபடி வாயைத் திறந்து மூடி உள்ளே இழுத்துக்கொள்ளும். கொழுகொழுவென்று இருக்கும். வெறும் நீர்த் தொட்டியில் இருந்தவற்றில் சில, மூன்றாவது வாரத்தில் இரை எடுக்காமல் இளைத்துப்போயின. அவைதான் நோயாளிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

21 நாள் சோதனை அது. ஆப்பிரிக்க நகத்தவளையின் தலைப்பிரட்டைகளை ஓர் இரசாயனம் கலந்த நீரில் வளர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் தொட்டியில் பெர்குளோரேட். பதிவேட்டில் "இறப்பு இல்லை, பாதிப்பு இல்லை" என்று எழுதி நீட்டினேன். மேடம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரி, கால் எங்கே?" என்றார்.

மயக்க மருந்து கொடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்தில் நொய்யரிசி அளவுக்கு ஒரு மொட்டு. அப்புறம் வெறும் நீர்த் தொட்டியிலிருந்து ஒன்றை வைத்தேன். விரல் பிரிந்த நீளமான பின்னங்கால்கள். கண்ணாடி போன்ற தோலுக்கு அடியில், வெளியே வர முட்டிக்கொண்டிருக்கும் முன்னங்கால். தவளையாகும் வேலையில் இருந்ததால்தான் அது இளைத்திருக்கிறது.

தலைப்பிரட்டை தவளையாவது தைராய்டு ஹார்மோனால். 1912-இல் குடெர்நாட்ச் என்ற ஆய்வாளர் குதிரையின் தைராய்டைத் தீனியாகப் போட்டபோது, குட்டித் தலைப்பிரட்டைகள் அவசர அவசரமாகத் தவளைகளாயின. அந்த ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும். அயோடின் தைராய்டு சுரப்பிக்குள் நுழையும் வழியைப் பெர்குளோரேட் மறித்துக்கொள்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆகாது, உருவம்தான் மாறாது. ராக்கெட் எரிபொருளிலும் பட்டாசிலும் சேரும் பொருள் இது, நீரில் சுலபமாகக் கரைந்துவிடும்.

செத்ததை எண்ணியே பழகிய கண்ணுக்கு இது பிடிபடுவதில்லை. அட்ரசின் களைக்கொல்லி கதையும் கிட்டத்தட்ட இதுதான். நூறு கோடியில் இரண்டரைப் பங்கு அட்ரசின் கலந்த நீரில் வளர்ந்த ஆண் நகத்தவளைகளில் 10 சதவீதம் பெண்களாகி முட்டையே இட்டதாக 2010-இல் டைரோன் ஹேய்ஸ் என்ற உயிரியலாளரின் குழு எழுதியது. வேறு சில ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை, சண்டை ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையைவிட, முட்டையிடும் தவளையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும் என்பதுதான் உறுத்தல்.

சோதனை முடிந்ததும் ஐந்தாம் தொட்டியிலிருந்து ஆறை மட்டும் கேட்டு வாங்கி, நல்ல தண்ணீரில் விட்டேன். பெர்குளோரேட் போய்விட்டால் வளர்ச்சி மறுபடி தொடங்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். பல நாள் ஒன்றுமில்லை. பிறகு பின்னங்கால்கள் நீண்டன. ஒரு காலையில் மாவு ஊற்றப் போனபோது ஒன்று மட்டும் சாப்பிட வரவில்லை. இடது பக்கத் தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு முன்னங்கால் வெளியே நீட்டியிருந்தது.