அடியில் ஐந்தரை அடி

குமரி மாவட்டத்தில் யாராவது பாய்ப்படகு வாங்க நினைத்தால், கேபினுக்குள் நுழைவதற்கு முன்னால் அடியில் தொங்கும் கீலை, அதாவது அந்தக் கனத்த இரும்புப் பாகத்தை, அளந்து பாருங்கள். நான் அளக்கவில்லை. "நல்ல கனமா இருக்கே" என்று சந்தோஷப்பட்டதோடு சரி.

கொச்சியில் செகண்ட் ஹேண்டாக வந்த 32 அடிப் படகு. விலை பேசி முன்பணம் கொடுத்தது ஒரே நாளில் முடிந்தது. மாட்டிக்கொண்டது காகிதத்தில்தான். ஆவணத்தில் ஒரு எஞ்சின் நம்பர், படகில் வேறு நம்பர். எப்போதோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், பில்லைக் காணோம். அந்த ஒரு பில்லுக்காக நாகர்கோவிலில் அதிகாலைப் பரசுராம் எக்ஸ்பிரஸ் பிடித்து எர்ணாகுளம் போனது இரண்டு தடவை. முதல் தடவை விற்பவர் ஊரிலேயே இல்லை. டார்ச்சோடு எஞ்சின் அறைக்குள் தலையை விட்டு நம்பரைப் போட்டோ எடுத்த பிறகே முன்பணத்தைக் கொடுங்கள்.

அப்புறம், ஊரில் படகை நிறுத்த இடம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் 'வலை வகை' என்று ஒரு கட்டம். வலை கிடையாது என்றேன்.

"அப்ப மீனு எப்படிப் பிடிப்பிய?"

மீன் பிடிக்கவில்லை என்றதும் கிளார்க் பேனாவை மூடி வைத்தார். "பின்ன எதுக்காக்கும் படகு?"

என் மனைவி கேட்டதும் அதேதான். கட்டம் காலியாக இருந்தால் கிளார்க் படிவத்தை வாங்க மாட்டாராம். அடுத்த வாரம் வரச் சொன்னார். போனால், அவர் லீவு.

அந்த ஒரு வாரத்தில்தான் மாமா கேட்டார், "மக்கா, அது மிதக்க எத்தனை அடி தண்ணி வேணும்?" ஐந்தரை அடி என்றேன். ஒன்றும் சொல்லாமல் வள்ளத்தில் ஏற்றி, படகு உள்ளே வரவேண்டிய தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார். மணல் சேர்ந்து வள்ளங்களே கவிழ்கிற இடம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினோம். ஒரு இடத்தில் ஐந்தடியில் மணல் தட்டியது. அலை இறங்கும்போது அதுவும் இருக்காது.

கீலைக் குறை சொல்லவும் முடியாது. 4.5 டன் படகில் 1.7 டன் அந்த இரும்புதான். படகு சரிந்தால் நிமிர்த்துவதும், காற்று பக்கவாட்டில் தள்ளாமல் பிடித்துக்கொள்வதும் அதுவே. கட்டுமரத்தில் பாய் விரிக்கும்போது பலகை இறக்குவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. பலகையைத் தூக்கிவிடலாம், இதைத் தூக்க முடியாது. இதே படகு நாலேகால் அடிக் கீலோடும் உண்டாம். காற்றை எதிர்த்துப் போகும்போது கொஞ்சம் அதிகமாக ஒதுங்கும், ஆனால் கரைப்பக்கம் வரலாம். விற்பவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒருவழியாகக் கொச்சியிலிருந்து குளச்சலுக்குக் கிளப்பினோம். சுமார் 125 கடல் மைல். இரவில் கரைக்காற்று, மதியத்துக்கு மேல் கடல்காற்று, நடுவில் காற்று செத்த நேரத்தில் எஞ்சின், அந்தப் புகழ்பெற்ற எஞ்சின். வேகத்தைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். நீர்மட்டத்தில் படகின் நீளம் 25 அடி. வர்க்கமூலம் 5, அதை 1.34ஆல் பெருக்கினால் 6.7 நாட், அதாவது மணிக்கு 6.7 கடல் மைல். அதற்கு மேல் தான் கிளப்பிய அலையிலேயே மாட்டிக்கொள்ளும், எவ்வளவு பாய் விரித்தாலும் சரி. எங்களுக்குக் கிடைத்த சராசரி நாலரை. 28 மணி நேரம்.

குளச்சலுக்கு வெளியே ஆழம் பார்த்து நங்கூரம் போட்டேன். மாமா வள்ளத்தில் வந்து ஏறினார். அடுப்பைப் பார்த்தார், கக்கூஸைப் பார்த்தார். "நம்ம வள்ளம் இதவிட ரெண்டு மடங்கு ஓடுமே" என்றார். சாயங்காலக் காற்றில் பாய் ஏற்றிச் சுக்கானை அவர் கையில் கொடுத்தேன். படகு பதினைந்து டிகிரி சரிந்து சத்தமில்லாமல் ஓடியது. இருட்டுகிற வரை சுக்கானைத் திருப்பித் தரவில்லை.

பருவமழையில் கடல் கொந்தளிக்கும் முன், மே முடிவதற்குள் படகைக் கொச்சிக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். படிவம் இன்னும் அந்தக் கட்டத்திலேயே நிற்கிறது. இறங்கும்போது மாமா யோசனை சொன்னார்: "தூண்டில்னு எழுதிக் குடு மக்கா."