கதவுக்கு மேல் ஒரு தேயிலைச் செடி

"ஃப்ளாஸ்க்கை வெளியிலேயே வச்சிட்டு வாங்க."

இன்று காலை நூலக வாசலில் இப்படி நிறுத்திவிட்டார்கள். உள்ளே டீ, காபி கூடாதாம். சரி, விதி விதிதான்.

எனக்குச் செடிகொடிகளை வரைந்த ஓவியர் மரியான் நார்த் அம்மையார் ஞாபகம் வந்துவிட்டது.

1830இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் பிறந்தவர். அப்பா 1869இல் இறந்துபோக, நாற்பது வயதில் தூரிகையும் எண்ணெய் வண்ணமுமாகக் கிளம்பி, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், ஜமைக்கா, பிரேசில், போர்னியோ, இலங்கை, இந்தியா என்று சுற்றிக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி செடியைத் தனியே பிடுங்கி வெள்ளைத் தாளில் வரையவில்லை. அது நிற்கும் காட்டோடும் மலையோடும் சேர்த்தே வரைந்தார்.

அப்புறம் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் சொந்தச் செலவில் ஓர் ஓவியக் கூடம் கட்டிக் கொடுத்தார். 1882இல் திறந்தார்கள். 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள், நம் வீட்டு சாமி படங்கள் மாதிரி சட்டத்தோடு சட்டம் ஒட்டிக்கொண்டு, இன்றும் அங்கேயே இருக்கின்றன.

அவர் ஆசைப்பட்டது இன்னொன்று. தோட்டத்தைச் சுற்றிக் களைத்து வருகிறவர்களுக்கு அங்கே டீயோ காபியோ கிடைக்க வேண்டும். தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் முடியாது என்றுவிட்டார்.

அம்மையார் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. கதவுகளுக்கு மேலே தேயிலையையும் காபிச் செடியையும் வரைந்து வைத்துவிட்டார், அவ்வளவுதான்!

மதியம் வெளியே வந்து ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன். டீ ஆறிப்போயிருந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்து குடித்தேன்.