நான்காவது டேப்

நேற்று இரவு எட்டே முக்கால் மணிக்கு, கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு நாற்பது மரை டேப் ஒன்று, அதாவது துளைக்குள் மரை வெட்டும் கருவி, கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் செய்த சின்ன வளையமான புஷ்ஷுக்குள் முழுதாக இறங்கி, மறுபக்கம் தலைநீட்டி, உடையாமல் திரும்பி வந்தது. கடையில் வாங்கிய டேப் அல்ல. சில்வர் ஸ்டீல் எனப்படும் கருவி எஃகுக் கம்பியில் நானே மரை வெட்டி, நானே தோய்ச்சல் கொடுத்தது, அதாவது சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக வைத்தது. இதற்கு முன் செய்த மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன. அவற்றைச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் யாருக்கும் உதவாது.

இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு கடை மூடப்பட்டது. வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், இரண்டு ஆள் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்குச் சின்னக் கடை. கடைசல் வேலைக்கான சாமான்கள் மட்டும்தான். கடைக்காரப் பெரியவரை எல்லோரும் ஐயா என்றே அழைப்போம். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த பிறகும், 2019-இல் வேலூர் மூன்றான பிறகும், அவருடைய பில் புத்தகத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றே இருந்தது. பழைய கட்டு தீரட்டும் என்பார்.

அவர் ஒற்றை ஒற்றையாகக் கொடுப்பார். ஒரு டேப், ஒரு டிரில் பிட், ஒரு முழம் கம்பி. அரை அங்குலச் சதுர எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட், அதாவது லேத்தில் உலோகத்தைச் சீவும் வெட்டுளி, கேட்டால், எந்த உலோகத்தை வெட்டப் போகிறாய் என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார். பித்தளைக்கு என்றால் மேல்முகத்தைச் சரிவில்லாமல் தட்டையாகச் சாணை பிடி என்று சொல்லிக் கொடுப்பார். டேப் உறையின் மேல், அதற்கு முன் போட வேண்டிய துளையின் அளவைப் பென்சிலால் எழுதித் தருவார். என்னிடமுள்ள பழைய உறையில் '7/32' என்ற அவருடைய கையெழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறது.

தை மாதத்தில் கடையை மூடிவிட்டார். ராணிப்பேட்டைப் பட்டறைகளில் பலரும் கணினி லேத்துக்கும், தேய்ந்தால் கழற்றி மாற்றும் கார்பைடு இன்சர்ட்டுக்கும் மாறிவிட்டார்கள். சாணை பிடித்துக் கூர் வைக்கும் பிட்டைக் கேட்டு வருவோர் குறைந்துபோனார்கள். தோல் பதனிடும் ஆலைகளில் பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் இருந்தவரை அங்குல மரை டேப்புகளுக்குக் கிராக்கி இருந்தது. அந்த இயந்திரங்களும் எடைக்குப் போய்விட்டன. என்னைப் போல வீட்டுக் கொட்டகையில் லேத் வைத்திருக்கும் நாலைந்து பேரை நம்பி வாடகை கொடுக்க முடியுமா? கடைசி வாரம் போய் மூன்று சில்வர் ஸ்டீல் கம்பிகளும், சென்னை அடிசன் கம்பெனி பிட் நான்கும் வாங்கி வந்தேன். விலையைக் குறைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று முழு விலையையும் கொடுத்தேன்.

பங்குனியில், அவரிடம் ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அந்த டேப் புஷ்ஷுக்குள் உடைந்தது. கைப்பிடியைச் சாய்த்துத் திருப்பியது என் தவறு. மாதிரி நீராவி இன்ஜினுக்கான செம்புக் கொதிகலனில் எட்டு இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புஷ், எட்டும் இதே மரை. பாதுகாப்பு வால்வு, நீர்மட்டக் கண்ணாடி, பிரஷர் கேஜ் எல்லாவற்றுக்கும் திருகுகள் செய்து முடித்தாகிவிட்டது. எம்6, அதாவது ஆறு மில்லிமீட்டர் விட்டம், முக்கால் மில்லிமீட்டர் மரை இடைவெளி கொண்ட டேப் எளிதில் கிடைக்கிறது, அதற்கு மாறிவிடு என்று குடியாத்தம் நண்பர் சொன்னார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் சரியான யோசனை. முடித்த எட்டுத் திருகுகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

மரை வெட்டுவது கடினமாக இல்லை. என் லேத்தில் பிட்டை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நான்கு மரை. நாற்பது வேண்டுமென்றால் ஒன்றுக்குப் பத்து விகிதம். இருபதுக்கு ஐம்பது, இருபத்தைந்துக்கு நூறு என்று கியர் பூட்டினால் கணக்கு முடிந்தது. நாற்பது நான்கால் வகுபடுவதால், பிட்டை அந்தத் திருகோடு இணைக்கும் ஹாஃப் நட்டை எந்த இடத்தில் போட்டாலும் மரை தவறாது. ஆங்கிலேயப் பொறியாளர் விட்வொர்த் 1841-இல் வகுத்த அதே 55 பாகைக் கோணம்தான் இந்த மரைக்கும். அறுபதுக்குச் சாணை பிடித்த பிட் கையோடு இருக்கிறதே என்று அதை மாட்டிவிடாதீர்கள். ஆழம் ஒரு பக்கத்துக்கு 0.4 மில்லிமீட்டர். 0.05 ஆக இறக்கி, கடைசியில் ஆழம் கூட்டாமல் இரண்டு முறை ஓட்டினேன்.

சீவல் வெளியேறும் மூன்று பள்ளங்களைப் போட, வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் என்னிடம் இல்லை. லேத்தில் கம்பியைப் பிடிக்கும் சக்கின் மூன்று தாடைகளையே அளவாக வைத்துக்கொண்டேன். லேத் படுக்கையின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ஒவ்வொரு தாடையும் அதில் படும்போது பிட் முனையால் கம்பியின் நெடுகில் ஒரு கோடு. பிறகு வைஸில் பிடித்து வட்ட அரத்தால் ராவினேன். ஒரு டேப்புக்கு ஒன்றரை மணி நேரம். முதல் ஐந்தாறு பல்லைச் சரிவாகக் கடைந்து, அவற்றின் முதுகைச் சின்ன அரத்தால் வழித்துவிட்டால் உருவம் வந்துவிடும்.

இதுவரை செய்ததெல்லாம் கைப்பழக்கம். தோய்ச்சல்தான் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது.

முதல் டேப்பைச் சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்குக் கொட்டகை வாசலில் காய்ச்சினேன். வேலூர் மதிய வெளிச்சத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு என்று நான் நினைத்தபோது அது உண்மையில் ஆரஞ்சையும் தாண்டியிருந்தது. தண்ணீரில் விட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம். பள்ளத்தின் அடியோடு நெடுகிலும் வெடிப்பு. சூடு மிஞ்சினால் எஃகின் மணிகள் பருத்துவிடும். தண்ணீரின் அதிர்ச்சியை அது தாங்காது.

இரண்டாவதை இரவில் செய்தேன். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, அவ்வப்போது டேப்பின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் எஃகு காந்தத்தை விட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு சிறு ஏற்றம் போதும், நன்கு பழுத்த செர்ரிப் பழத்தின் நிறம். நிறம் சரியாக வந்தது. பிடித்திருந்த குறடு நழுவ, டேப் சாய்வாகத் தண்ணீருக்குள் போனது. முதலில் நனைந்த பக்கம் முதலில் இறுகியதால் 0.4 மில்லிமீட்டர் வளைந்துவிட்டது. செங்குத்தாக இறக்க வேண்டும், இறக்கிய பிறகு மேலும் கீழும் மட்டுமே அசைக்க வேண்டும், பக்கவாட்டில் அலசக் கூடாது. இப்போது டேப்பின் வால் பக்கம் ஒரு துளை போட்டு, இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் காய்ச்சுகிறேன். அப்படியே நேராக வாளியில் இறங்கிவிடுகிறது.

மூன்றாவது பார்க்க அருமையாக வந்தது. வளைவு இல்லை, வெடிப்பு இல்லை, அரம் வைத்தால் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. மரையின் முனைகளில் கரி பறிபோகாமலிருக்க மருந்துக் கடைப் போரிக் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசியிருந்தேன். சூட்டில் அது உருகிக் கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் பெரும்பாலும் தெறித்துவிட்டது. மிச்சம் வெந்நீரில் கரைந்தது. கீழே பல் பளபளவென்று இருந்தது. இந்த ஒரு பூச்சுக்காகவே இதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த இறுக்கத்தோடு விட்டால் டேப் கண்ணாடி போல உடையும். 230 பாகைக்குச் சூடாக்கி, இளம் வைக்கோல் நிறத்தில் பதத்தை இறக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் டேப்பில் நேரடிச் சுடர் பட்டால் முனை நீலமாகிவிடும், வால் வெள்ளையாகவே இருக்கும். அதனால் எண்ணெயில் சூடாக்குவது என்று முடிவெடுத்தேன். கடலை எண்ணெய் புகையத் தொடங்கினால் 230 என்று எங்கோ படித்திருந்தேன். அடுக்களையில் இருந்த கடலை எண்ணெயை இரும்புச் சட்டியில் ஊற்றி, கொட்டகைக்கு வெளியே அடுப்பில் வைத்து, புகை வந்ததும் இருபது நிமிடம் காத்து எடுத்தேன். மூன்றாவது துளையில் டேப்பின் பற்கள் நான்கு பெயர்ந்தன.

இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. காய்ச்சியதில் தவறா, கம்பியில் தவறா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். விடை எண்ணெய் டின்னில் இருந்தது. எங்கள் வீட்டில் செக்கு எண்ணெய்தான் வாங்குகிறோம். சுத்திகரித்த கடலை எண்ணெய்தான் 230-ஐ ஒட்டிப் புகையும். செக்கில் ஆட்டியது ஏறக்குறைய 160-லேயே புகைந்துவிடும். அந்தச் சூட்டில் எஃகின் பதம் ஏறக்குறைய இறங்கவே இல்லை. எண்ணெய்க்குள் காற்று படாததால் நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க வழியில்லை. சமையலுக்குச் செக்கு எண்ணெய், டேப்புக்குப் பாக்கெட் எண்ணெய் என்று கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். சட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பொருத்தமான மூடியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பற்றிக்கொண்டால் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

நான்காவது டேப் இந்தப் பாடங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தது. நேற்று நான்கு புஷ்களில் மரை வெட்டினேன். கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே, கொஞ்சம் எண்ணெய். புஷ்ஷுக்குப் பித்தளை பயன்படுத்தலாமா என்று ஆற்காட்டு நண்பர் கேட்டிருந்தார். கொதிகலனில் வேண்டாம். சூடான நீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து போய், பஞ்சு போன்ற செம்புதான் மிஞ்சும். கன்மெட்டலோ வெண்கலமோதான் சரி.

சாமான் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் வரவழைத்த எச்.எஸ்.எஸ். பிட் ஒன்றைச் சாணையில் வைத்ததும் வெள்ளையாகப் பூத்துச் சிதறும் பொறி வந்தது. உண்மையான எச்.எஸ்.எஸ். மங்கிய செம்பொறிதான் விடும், அதிகம் பூக்காது. எனக்கு வந்தது சாதாரணக் கார்பன் எஃகு. யார் எங்கே வாங்கினாலும் முதலில் ஒரு மூலையைச் சாணையில் தொட்டுப் பாருங்கள். நல்ல விற்பனையாளர்களும் இருக்கிறார்கள், ஆனால் பத்துக்குக் குறைந்து அனுப்புவதில்லை. அதனால் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பத்து பிட் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம். எனக்கு நேரில் தொட்டுப் பார்த்து வாங்கத்தான் பிடிக்கும். காட்பாடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காலை ரயிலில் போய், பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு என்று சுற்றிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக்கும் ஒரு முறை போக வேண்டும். எங்கே போனாலும் எந்த உலோகத்தை வெட்டப் போகிறாய் என்று கேட்கிற கடைக்காரர் கிடைப்பாரா என்பது வேறு கேள்வி.

அடுத்ததாக மூன்று பதினாறாம் அங்குல டேப் செய்ய வேண்டும், அதே நாற்பது மரை. அதற்குப் பள்ளம் போட இன்னும் மெல்லிய அரம் வேண்டும். கம்பியின் வெளிப்புறத்தில் மரை வெட்டும் டையும் செய்து பார்க்கலாம் என்று ஆசை. கொதிகலனில் இன்னும் நான்கு புஷ்கள் மீதி இருக்கும்போதே மனம் அங்கே போய்விட்டது.

இன்று காலை டேப்பை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு சத்துவாச்சாரியில் ஐயா வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார். பல்லின் மேல் கட்டை விரல் நகத்தை ஓட்டினார். பள்ளத்தின் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய லென்ஸ் ஒன்றை எடுத்து வந்து மறுபடியும் பார்த்தார். கடையில் இருந்த நாட்களில் நான் கொண்டுபோன எதையும் அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"எதில் பதம் இறக்கினாய், தம்பி?" என்று கேட்டார்.

எண்ணெய்க் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"முதல் மூன்று பல்லின் முதுகை இன்னும் ஒரு மயிரிழை வழித்துவிடு. கை இதைவிட லேசாகப் போகும். இப்போது அரம் ஏறாது, எண்ணெய்க் கல்லில் தேய்."

எண்ணெய்க் கல் என்னிடம் இல்லை என்றேன். உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. மாலை அதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பல் முடிந்திருக்கிறது.