அம்மாவின் இடுப்பில் ஏறிய புது போன்

பழைய போனில் எண்கள் தேய்ந்து, ஐந்து எது எட்டு எது என்று தெரியாமல் போன பிறகும் அம்மா அதை விடுவதாக இல்லை. தீபாவளிக்கு நானும் தம்பியும் சேர்ந்து ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தோம். பெட்டியைப் பிரித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதில் டார்ச் எங்கே இருக்கிறது?"

கைரேகை வைத்துப் பூட்டலாம் என்று நான் ஆரம்பித்ததுதான் வினை. ரேகையின் மேடு பள்ளங்களைப் பார்த்துத்தான் போன் ஆளை அடையாளம் காண்கிறது. காலமெல்லாம் தேங்காய் துருவி, புளி கரைத்து, பாத்திரம் துலக்கிய கட்டைவிரலில் மேடு ஏது, பள்ளம் ஏது? ரேஷன் கடைக் கருவியே அந்த விரலைக் கண்டால் முரண்டு பிடிக்கும். "மீண்டும் முயலவும்" என்று போன் சொல்லச் சொல்ல, அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். கடைசியில் இடது கை மோதிர விரலை மட்டும் அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"வேலை வெட்டி இல்லாத விரல். உன் அப்பா மாதிரி" என்றாள் அம்மா. அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

தட்டச்சு செய்ய அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் 2017-லேயே தமிழ் வந்துவிட்டது. அந்த மைக் படத்தை அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். பேசப் பேச எழுத்து ஓடுவதைப் பார்த்துச் சொக்கிப்போனாள். ஆனால், போனிடம் பேசுவது எது, வீட்டில் இருப்பவர்களிடம் பேசுவது எது என்று அந்த மைக்குக்குத் தெரியாதே. கோவையில் இருக்கும் பெரியம்மாவுக்கு அன்று போன செய்தி இது (அம்மாவின் மதுரைப் பேச்சைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத் தருகிறேன்):

"அக்கா சௌக்கியமா முழங்கால் வலி எப்படி இருக்கிறது ஏங்க குக்கர் எத்தனை விசில் விட்டது மூன்றா நான்கா இந்த மனிதருக்கு இதைக்கூட எண்ணத் தெரியவில்லை தைலம் தடவினாயா அக்கா"

சற்று நேரத்தில் பெரியம்மாவிடமிருந்து பதில் வந்தது: "தடவினேன். பருப்பு என்றால் நான்கு போதும், அணைத்துவிடு."

பணம் செலுத்தும் செயலியைப் போட்டுக் கொடுத்தபோது அம்மாவின் தொழில் ரகசியம் ஒன்றில் கை வைக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை 1999-இல் திறந்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. அங்கே விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள், பேரத்துக்கு வேலையில்லை. அதனாலேயே அம்மா சாலையோரக் கீரைக்காரம்மாவிடம்தான் வாங்குவாள். கணக்கு முப்பத்திரண்டு ரூபாய் என்றால், "முப்பதுதான் இருக்கிறது, சில்லறை இல்லை" என்று இரண்டு ரூபாயைக் கழித்துவிட்டு வருவாள். கீரைக்காரம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. ஐந்து ரூபாய் மீதி தர வேண்டியிருந்தால் அவரிடமும் சில்லறை இருக்காது, கறிவேப்பிலைதான் இருக்கும்.

யுபிஐ 2016-இல் வந்து இரு தரப்பு வித்தையையும் ஒழித்துவிட்டது. புது போனோடு போன அன்றும் அம்மா பழக்க தோஷத்தில் சில்லறைப் பாட்டை எடுத்தாள். கீரைக்காரம்மா தராசுக்குப் பின்னாலிருந்து க்யூஆர் அட்டையை எடுத்து நீட்டினார். "போனில் அந்த இரண்டு ரூபாயும் இருக்குமே அக்கா!" அம்மா மோதிர விரலை வைத்தாள். "முப்பத்திரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று பக்கத்திலிருந்த பெட்டி தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது.

அதன் பிறகு அம்மா ஒரு முறை வகுத்துக்கொண்டாள். மருந்துக் கடை, மின்கட்டணம் போன்ற பேரம் நடக்காத இடங்களுக்குப் போன், கீரைக்குச் சுருக்குப்பை. என்னைக் கேட்டால் இதைவிடத் தெளிவான நிதிக் கொள்கையை நான் கண்டதில்லை.

எல்லாவற்றையும் விட அம்மாவுக்குப் பிடித்துப்போனது, நடந்த அடிகளை எண்ணும் செயலிதான். போன் பெரும்பாலும் இடுப்புச் செருகலில் இருக்கும். உள்ளே இருக்கும் உணரி காலைப் பார்ப்பதில்லை. சீரான குலுக்கலைத்தான் அடி என்று எண்ணிக்கொள்கிறது. மிக்ஸியில் அரைத்தால் சட்னி சூடாகிவிடும் என்று இன்றும் அம்மியை விடாதவள் அம்மா. குழவி போய் வரும்போதெல்லாம் உடம்பும் முன்னும் பின்னும் ஆடுகிறது. போன் அதையும் நடை என்று நம்பிவிடுகிறது.

அப்பா விடியற்காலையில் எழுந்து, ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, வியர்வை சொட்ட வந்து, "5,800!" என்று தன் போனை உயர்த்திக் காட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா தன் போனை நீட்டினாள். 6,400. திரையில் வண்ணத்தாள்கள் பறக்க ஒரு வாழ்த்து வேறு.

அப்பா இரண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதில் ஏதோ கோளாறு இருக்கிறது" என்றார்.

"கோளாறெல்லாம் இல்லை. நாளைக்கு மைதானத்துக்குப் போக வேண்டாம். வந்து சட்னி அரையுங்கள், உங்களுக்கும் ஏறும்" என்றாள் அம்மா.