பறவை ஒட்டுண்ணி யூனிட்: வைவாவுக்கும் பிராக்டிகலுக்கும் எதைப் பிடித்துக்கொள்வது

ரிசல்ட் வந்தாச்சு, பாஸ். மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டர் எழுதப்போகிற ஜூனியர்களுக்கு இது. சிலபஸ், மார்க் பிரிப்பெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இந்த யூனிட்டின் கேள்வி, நிறைய முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் பறவைக்கு மலேரியா போன்ற ரத்த ஒட்டுண்ணித் தொற்று கூடுமா என்பது. இதில் எந்த கிராஃப் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கூட்டில் இத்தனை குஞ்சு என்று முடிவு செய்தது பறவையா, ஆராய்ச்சியாளரா? பறவை என்றால், அந்த கிராஃபை வைத்துக் காரணம் சொல்லாதீர்கள். தெம்புள்ள பறவை நிறைய முட்டையிடும், அதே தெம்பில் நோயையும் தாங்கும். அதனால் ‘குஞ்சு அதிகம், ஒட்டுண்ணி குறைவு’ என்று தலைகீழாகக்கூட வரும். மனிதக் கை குஞ்சு வளர்க்கும் சுமையை ஏற்றியோ இறக்கியோ பார்த்தால்தான் காரணம் தெரியும். என் கணக்கில் இது ஒன்றே பாதி யூனிட். ‘இனப்பெருக்கச் செலவு’ (குஞ்சு வளர்க்கப் பறவை தன் உடம்பில் கொடுக்கும் விலை) வரையறையை உருப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண் வேலை.

சோதனை அமைப்பு கேட்டால்: ஒரே நாளில் பொரித்த கூடுகளை ஜோடி சேர்த்து, ஒன்றிலிருந்து இரண்டு குஞ்சை எடுத்து மற்றதில் வைக்க வேண்டும். கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும்) கூடுகளிலும் எண்ணிக்கை மாறாமல் குஞ்சுகளை இடம் மாற்ற வேண்டும். பலர் விடுவது இதைத்தான். விட்டால் கை பட்டதன் விளைவும் சுமையின் விளைவும் கலந்துவிடும். பெற்றோரின் ரத்தம் சுமைக்கு முன்னும் பின்னும் வேண்டும். பின்னால் மட்டும் எடுத்தால் தொற்று எப்போது வந்தது என்று சொல்ல வழியில்லை.

இரண்டு ஆய்வுகளை ஜோடியாகப் படியுங்கள். இரண்டும் ஐரோப்பாவின் பெரிய பட்டாணிக்குருவியில் செய்தவை. 1995-ல் ரிக்னர் குழு குஞ்சுகளைக் கூட்டியபோது ஆண்தான் கூடுதலாக இரை கொண்டுவந்தது. மலேரியா தொற்றியவற்றின் சதவீதம் இரு மடங்குக்கு மேல் போனதும் ஆணில்தான், பெண்ணில் மாற்றமில்லை. 1996-ல் ஆப்லிகர் குழு, இட்ட முதல் இரண்டு முட்டையை அன்றன்றே எடுத்துவிட, பெண் சராசரியாக ஒரு முட்டை கூடுதலாக இட்டது. அங்கே மலேரியா கூடியது பெண்ணில். சுமை யார் தலையிலோ, தொற்றும் அவர் தலையில்.

அடுத்து எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) நம்ம ஊருக்கு வருவார்: “சாமநத்தம் கண்மாய்ப் பக்கம் தூக்கணாங்குருவியில் செய்தால்?” ஆண் கூடு பின்னிவிட்டு அடுத்த துணை தேடும், அடைகாப்பது பெண், இரை ஊட்டுவதும் பெரும்பாலும் பெண். ஆகவே குஞ்சைக் கூட்டினால் பெண்ணின் ரத்தத்தைப் பாருங்கள். கோபுரத்து மாடப்புறாவைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஹீமோப்ரோட்டியஸ் என்ற ரத்த ஒட்டுண்ணியைப் பார்க்க அருமையான பறவைதான், ஆனால் இடுவது இரண்டே முட்டை; கூட்டிக் குறைக்க இடம் குறைவு.

பிராக்டிகல். ஸ்லைடு கெட்டால் மேலே சொன்னது எதுவும் கைகொடுக்காது.

– இறக்கை ரத்தநாளத்தில் ஒரு துளி போதும். மொத்தமாக எடுப்பது உடல் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது: 25 கிராம் குருவிக்கு 0.25 மி.லி.
– உடனே மெல்லிய ஸ்மியர் (ஸ்லைடில் இழுத்த ரத்தப் படலம்). தாமதித்தால் கேமீட்டோசைட்டுகள் (ஒட்டுண்ணியின் பாலின நிலை செல்கள்) உருண்டுவிடும், இனம் காண முடியாது. கெட்டி ஸ்மியர் வேண்டாம். பறவையின் சிவப்பணுவில் நியூக்ளியஸ் உண்டு, எல்லாம் ஒரே கறையாகிவிடும்.
– காய்ந்ததும் மெத்தனாலில் ஒரு நிமிடம். ஃபிக்ஸ் செய்யாமல் மேசையில் வைத்தால் எறும்பு தின்றுவிடும்.
– ஜீம்சா ஸ்டெயின் (சாயம்) 1 பங்கு, பஃபர் 9 பங்கு, பி.ஹெச். 7.2, ஒரு மணி நேரம். பஃபருக்குப் பதில் காரத்தன்மையுள்ள போர் தண்ணியை ஊற்றினால் ஸ்லைடு முழுக்க நீலம் பாயும். ஸ்டெயினை வடிகட்டுங்கள், படிந்த துகளை ஒட்டுண்ணி என்று எண்ணித்தான் நிறையப் பேர் மார்க்கை விடுகிறார்கள்.
– ஆயில் இம்மர்ஷன் 100 எக்ஸ். பத்தாயிரம் சிவப்பணுவுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று எழுதுங்கள். ‘நிறைய இருக்கிறது’ என்பது விடையல்ல.

அடையாளம்: சிவப்பணுவின் நியூக்ளியஸைச் சுற்றி வளைந்து, பழுப்பு நிறமித் துகளோடு இருந்து, ஒட்டுண்ணி பலவாகப் பிரியும் நிலை ரத்தத்தில் தென்படாவிட்டால் ஹீமோப்ரோட்டியஸ். பிரியும் நிலை இருந்தால் ப்ளாஸ்மோடியம் (மலேரியா ஒட்டுண்ணி). நிறமியே இல்லாமல் செல் உருக்குலைந்திருந்தால் லூகோசைட்டோஸூன். ப்ளாஸ்மோடியத்தைப் பரப்புவது கொசு. ரொனால்ட் ராஸ் 1898-ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்துக் காட்டியது. மாடப்புறாவின் ஹீமோப்ரோட்டியஸைப் பரப்புவது இறகுக்குள் ஓடும் தட்டை ஈ.

வைவாவில் வழுக்கும் இடங்கள்:

தொற்றிய பறவைகளின் சதவீதம் வேறு, ஒரு பறவைக்குள் ஒட்டுண்ணியின் அளவு வேறு. முதலாவது கூடினால் புதுக் கடி காரணமாக இருக்கலாம். இரை தேடி அதிகம் அலையும் பறவையைக் கொசுவும் அதிகம் கடிக்கலாம். ஏற்கெனவே தொற்றிய பறவையில் இரண்டாவது மட்டும் கூடினால், அடங்கிக் கிடந்த பழைய தொற்று எதிர்ப்பாற்றல் குறைந்ததால் கிளம்பியிருக்கலாம். “எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்டது சார்” என்று எடுத்த எடுப்பில் சொன்னால், “கடி கூடவில்லை என்று எப்படித் தெரியும்?” என்று மடக்குவார்கள்.

புராஜெக்டுக்கும் இதையே எடுக்கிறவர்கள், 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் வனத்துறை அனுமதிக்கு முதல் மாதமே எழுதிப் போடுங்கள். கூடு கட்டும் பருவம் உங்கள் ஃபைலுக்காகக் காத்திருக்காது.