சொரியாசிஸ் ஊசி: நகத்தை வைத்து நான் தெரிவு செய்த விதம்

மாங்குளத்தில் தையல் வேலை செய்கிறேன். தோல் தடித்துச் செதில் செதிலாய் உரியும் சொரியாசிஸ் எனக்கு முதலில் முழங்கையிலும் தலையிலும்தான் இருந்தது. பிறகு நகங்களில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. மஞ்சள் திட்டுகள் வந்தன. கடைசியில் நகம் சதையை விட்டுக் கிளம்பத் தொடங்கியது. துணியை மடித்துப் பிடித்தாலே நோகும். இது தொற்றாத வருத்தம் என்று எத்தனை முறை சொன்னாலும், சட்டை தைக்கத் தருகிறவர்களின் கண் என் விரலில்தான் நிற்கும்.

கிளினிக்கில் மெத்தோட்ரெக்சேட் குளிசை தந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடவேண்டும், கூடவே போலிக் அசிட், இடைக்கிடை ஈரலுக்கு இரத்தச் சோதனை. தோல் ஓரளவு அடங்கியது, நகம் அப்படியே இருந்தது. ஒளிச் சிகிச்சைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போகவேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து அது சரிவராது. நகத்துக்கு அதனால் பெரிய பலனும் இல்லை.

அப்போதுதான் டொக்டர் பயோலொஜிக் ஊசிகளைப் பற்றிச் சொன்னார்: உடலில் அழற்சியைக் கிளப்பும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் மருந்துகள். காலையில் விரல் மூட்டு விறைக்கிறதா என்றும் கேட்டார். நகத்தில் வருகிறவர்களுக்கு மூட்டுவாதமும் வரும் வாய்ப்பு கூட என்பதால் அந்தக் கேள்வி.

சரி, எந்த ஊசி? டிஎன்எஃப், ஐஎல் 17, ஐஎல் 23 என்பவைதான் அந்தப் புரதங்களின் பெயர்கள். டிஎன்எஃப்பைத் தடுக்கும் அடாலிமுமாப் பழைய மருந்து, அதற்கு மலிவான மாற்று வகைகளும் உண்டு. இரண்டு கிழமைக்கு ஒரு ஊசி. ஐஎல் 17ஐத் தடுக்கும் செக்குகினுமாப், தொடக்கத்தில் வாரா வாரம், பிறகு மாதம் ஒன்று. ஐஎல் 23ஐத் தடுக்கும் குசெல்குமாப் எட்டு வாரத்துக்கு ஒன்று, ரிசாங்கிசுமாப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. தூரத்தில் இருக்கிறவளுக்குக் கடைசி இரண்டும்தான் ஆசை காட்டின. தோலை மட்டும் பார்த்தால் அவை உண்மையிலேயே நல்லவை: குசெல்குமாபையும் செக்குகினுமாபையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில், 48 வாரத்தில் தோல் தொண்ணூறு வீதமாவது தெளிந்தவர்கள் குசெல்குமாபில் 84 வீதம், செக்குகினுமாபில் 70 வீதம்.

நகத்தின் கணக்கு வேறு. ஐஎல் 17 வகையான இக்செகிசுமாபைக் குசெல்குமாபுடன் ஒப்பிட்டபோது, 24 வாரத்தில் தோல் முழுதும் தெளிந்தவர்கள் இரண்டிலும் பாதிப் பேரளவு. நகம் முழுதும் தெளிந்தவர்களோ இக்செகிசுமாபில் 52 வீதம், குசெல்குமாபில் 31 வீதம். எனக்கு நகம்தான் சோறு. பாமசியால் எடுத்துத் தர முடிந்த ஐஎல் 17 ஊசி செக்குகினுமாப். நக சொரியாசிஸ் உள்ளவர்களிடமே அதைச் சோதித்த ஆய்வில், 300 மில்லிகிராம் போட்டவர்களின் நகப் பாதிப்பு 16 வாரத்தில் சராசரி 45 வீதம் குறைந்தது. இரண்டரை வருடத்தில் 73 வீதம். வெளிநாட்டிலிருக்கும் அண்ணா காசுக்குப் பொறுப்பெடுத்தார், அதையே தொடங்கினேன்.

ஊசிக்கு முன் காசநோய்க்கான மாண்டூ தோல் சோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஹெப்படைடிஸ் பி, சி பார்த்தார்கள். உடலில் காசநோய் ஒளிந்திருந்தால் முதலில் அதற்கு மருந்து, பிறகுதான் ஊசி. குடும்பத்தில் யாருக்காவது அது வந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ஐஎல் 17 ஊசி பொருந்தாது, அதையும் கேட்டார்கள்.

எனக்குப் பெரிய கவலை வெயில். ஊசியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும், உறையவும் கூடாது. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ்பொதி வைத்து, இடையில் துணி சுற்றித்தான் பஸ்ஸில் கொண்டுவருவேன். கரண்ட் நின்றால் பிரிட்ஜைத் திறக்க விடமாட்டேன்.

தோல் சில கிழமைகளில் தெளிந்தது. முழங்கை வெளியே தெரிய சட்டை போட்டேன், அவ்வளவு சந்தோசம். நகம் அந்த வேகத்தில் வராது. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான் வளரும், முழுதாய் மாற ஆறு மாதமளவு எடுக்கும். மாதா மாதம் போனில் படம் எடுத்து வைத்தபடியால்தான் மனம் சோரவில்லை. அடியிலிருந்து மழமழவென்று புது நகம் ஏறுவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இப்போது நோவில்லாமல் பொத்தான் தைக்கிறேன். கால் நகங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும் என்கிறார் டொக்டர். ஊசி தொடர்கிறது.