பழக் கட்டுரையில் நான் போட்ட பென்சில் கோடுகள்

போன வாரம் மருமகள் ஒரு மாத இதழைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அத்தை, சத்தான பத்துப் பழம்னு போட்டிருக்காங்க. படிச்சுட்டு எது வாங்கலாம்னு சொல்லுங்க." அவளுக்கு இது ஆறாவது மாதம். ஹீமோகுளோபின் 9.6-இல் நிற்கிறது. காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடம் நர்சம்மாவாகத் திரிந்தவள் நான். தாய்மார் அட்டையைச் சரிபார்ப்பதுபோலப் பென்சிலோடு உட்கார்ந்தேன்.

"வைட்டமின் சி-யில் ஆரஞ்சுக்கே முதலிடம்" என்ற வரியின் கீழ்தான் முதல் கோடு. இது தவறு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட சத்து அட்டவணையில் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சு அதில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. பெரிய நெல்லிக்காய் கொய்யாவையும் தாண்டிவிடும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் சொன்ன அளவு. பாதிக் கொய்யாவில் அது முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்துப் பழத்தில் கொய்யாவே இல்லை. கிவி இருக்கிறது, புளூபெர்ரி இருக்கிறது. எங்கள் குன்றுகளில் தானாக விளைந்து கூடைகூடையாக இறங்கும் சீத்தாப்பழமும் இல்லை.

அடுத்தது கட்டுரையில் இருக்கும் அட்டவணை. திராட்சையையும் உலர் திராட்சையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, உலர்ந்ததில் சத்து பல மடங்கு என்று எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய நாலு கிலோ திராட்சை காய்ந்துதான் ஒரு கிலோ ஆகிறது. தண்ணீர் போனதால் எல்லாமே செறிந்து தெரிகிறது, சர்க்கரையும் சேர்த்து. எத்தனை கிராமுக்குக் கணக்கு என்ற குறிப்பு எங்கேயும் இல்லை. அது இல்லாத எண்ணை வைத்து வீட்டில் யார் என்ன செய்ய முடியும்?

நல்லதையும் சொல்ல வேண்டும். பழச்சாறு பற்றிய பத்தி அருமை. வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும், சர்க்கரை நோயாளிகள் பழமாகவே அளவோடு சாப்பிடட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மாம்பழத்தில் இருப்பது கரோட்டின், உடம்புதான் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது என்பதையும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. "தினமும் ஒரு கைப்பிடி உலர் திராட்சை சாப்பிட்டால் இரும்புச்சத்து மாத்திரை தேவைப்படாது."

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கிய கர்ப்பிணியைக் கைப்பிடித் திராட்சை மேலே தூக்காது. "இது துன்னா ரத்தம் ஊறுமா நர்சம்மா?" என்று கேட்டு, மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த பெண்களை எனக்குத் தெரியும். மாத்திரை வாந்தி வரவைக்கும், மலத்தைக் கறுப்பாக்கும். விட்டுவிட ஒரு சாக்கு கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாக்கை அச்சில் போட்டுக் கொடுத்தால் எப்படி?

பழத்துக்கு இதில் வேறு வேலை இருக்கிறது. கேழ்வரகுக் களியிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிட்டால் அதிகம் எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறைந்துபோகும். கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

நேற்று இதழுக்குக் கடிதம் போட்டேன். ஆரஞ்சு வரி, கிராம் கணக்கு, மாத்திரை வரி மூன்றையும் பக்க எண்ணோடு குறித்து, மாத்திரை வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

மருமகள் இப்போது மதியக் களியோடு பாதிக் கொய்யா சாப்பிடுகிறாள். டீயை நாலு மணிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். மாத்திரை ராத்திரி, என் கண்முன்னால். அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் 14-ஆம் தேதி.